நேராகப் போகும் வள்ளம்

கண்டி மலைக்குள் இருந்துகொண்டு கடலில் ஓடும் வள்ளத்துக்கு ஓட்டோ பைலட் தேடியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மாநகரசபையில் வரிப் பகுதியில் எனக்கு இலிகிதர் வேலை. பிறந்தது புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கடலை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு இருபத்தாறு வயது. வாழ்க்கைப்பட்டதோ மன்னாரில் தூண்டில் தொழில் செய்கிற ஒருவருக்கு. கொழுந்துக்கும் கருவாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று என் சொந்தக்காரர்கள் கேட்டார்கள். இரண்டு வீடும் சிலுவை கும்பிடுகிற வேதக்காரர் வீடு என்பதால் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணமான புதிதில் அவர் ஒரு வருடம் என்னோடு இங்கே இருந்து பார்த்தார். கெலிஓயாவில் ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுத்து, பைப் அளந்து கொடுத்தார். மாலையில் வந்து வாசலில் நின்றுவிடுவார். உங்கள் ஊரில் பின்னேரத்தில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை, எங்கே பார்த்தாலும் மலை வந்து முட்டுகிறது என்பார். ஒருநாள் கண்டி வாவியைக் காட்டினேன், தண்ணீரைப் பார்த்தாவது மனது ஆறட்டும் என்று. படிக்கட்டோரம் கை நீளத்துக்கு மீன்கள் வந்து நின்றன. பிடிக்கக்கூடாது என்று சொன்னதும் மனிதர் முகம் சுண்டிப்போனது. வருட முடிவில், போங்க என்று நானே சொன்னேன். சொன்ன வாயை எத்தனை நாள் நொந்துகொண்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அதிலிருந்து பதின்மூன்று வருடமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார், இரண்டு நாள் நிற்பார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாகாணம் விட்டு மாகாணம் வேலை மாறுவது லேசான காரியம் இல்லை. என் பென்சனுக்கு இன்னும் ஆறு வருடம் கிடக்கிறது. மற்ற நாட்களில் ஆறரை மணிக்கு ஒரு போன். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே மழையா, மழைதான். விடியுமுன் கடலுக்குப் போகிறவர் நேரத்தோடு படுக்க வேண்டும் என்று நானே அவசரமாக வைத்துவிடுவேன். ஒரு கல்யாணத்தையே இரண்டு நிமிடத்தில் அடக்கிவிடுகிற கெட்டிக்காரர்கள் நாங்கள்.

போன வருடம், அவரோடு வள்ளத்தில் போய்வந்த அவருடைய அண்ணன், தன் பிள்ளைகளிடம் பிரான்சுக்குப் போய்விட்டார். இவர் தனியாகப் போகத் தொடங்கினார். இவருடைய தொழில், வள்ளத்தை மெதுவாக ஓட்டிக்கொண்டே பின்னால் தூண்டிலை இழுத்துச் செல்வது. முன்பு ஒருவர் சுக்கான் பிடிப்பார், ஒருவர் மீனை இழுப்பார். இப்போது சுக்கான் தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு வேலையும் இவரே. அப்போதுதான் யாரோ ஓட்டோ பைலட் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். சுக்கான் தடியோடு பொருத்துகிற ஒரு கை அது. உள்ளே திசைகாட்டி இருக்கும். வள்ளம் விலகும்போதெல்லாம் தடியைத் தள்ளியோ இழுத்தோ அந்தக் கை அதை மறுபடி பழைய திசைக்கே கொண்டுவரும். இங்கிலீஷில் எழுதியிருப்பதை வாசித்து நல்லதாக ஒன்றைப் பார்த்துச் சொல் என்று வேலையை என் தலையில் கட்டினார்.

அக்குறணையில் கிடைக்காத சாமான் இல்லை என்று எங்கள் ஒபீஸில் சொல்வார்கள். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போனேன். மீன் தேடும் கருவியும் இன்வேர்ட்டரும் வெளிநாட்டிலிருந்து எடுப்பித்துக் கொடுக்கிற ஒரு கடை. கடைக்கார நாநா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்டியில் எந்த ஆற்றில் வள்ளம் விடப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. இரண்டு மெசினின் படத்தைக் காட்டினார். ஒன்று சாதாரணமானது. மற்றது கொஞ்சம் விலை கூட. அதோடு கழுத்தில் தொங்கவிட ஒரு பட்டனும் வரும்.

“இது வள்ளத்தப் பாக்கும் தங்கச்சி, மத்தது ஆளையும் பாக்கும்” என்றார்.

வாக்கியம் நன்றாக இருந்தது. வியாபாரி வாக்கியம் நன்றாகத்தானே இருக்கும் என்று வந்துவிட்டேன். அன்று மாலை போனில் சொன்னபோது இவரும் சிரித்தார். ஏற்கெனவே சிலுவை ஒன்று கிடக்கிறது, பட்டனுக்குக் கழுத்தில் இடமில்லை என்றார்.

ஆனால் அன்று போன் இரண்டு நிமிடத்தில் முடியவில்லை. வள்ளம் எத்தனை அடி, பாரம் எவ்வளவு, தடி எவ்வளவு நீளம், பாட்டரி தாங்குமா என்று நான் கேட்டுக்கொண்டே போனேன். அவர் விளக்கினார். தென்மேற்குச் சோளகக் காற்றில் வள்ளத்தின் பின்பக்கம் எப்படித் தள்ளும் என்று சொன்னார். நீரோட்டம் எங்கே திரும்பும் என்று சொன்னார். இத்தனை வருடத்தில் எனக்குச் சொல்லாத ஒரு கடல் அவரிடம் இருந்திருக்கிறது. மறுநாள் இன்னொரு மெசினைக் கண்டுபிடித்தேன். அதற்கு மறுநாள் இன்னொன்று. ஒருநாள் திசைகாட்டிக் கதையில், எங்கள் வீட்டு வாசல் எந்தத் திசை என்று கேட்டார். “கீழ்ப்பக்கம்” என்றேன். மலையில் எங்களுக்கு ஏது வடக்கும் தெற்கும், மேட்டுப்பக்கமும் கீழ்ப்பக்கமும்தான். அவர் சிரித்துச் சிரித்து இருமினார்.

மூன்றாம் நாளே எது பொருந்தும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாநா காட்டிய அந்தச் சாதாரணமானதே போதும். அதை நான் சொல்லவில்லை. சொன்னால் தேடல் முடிந்துவிடும், மறுபடி சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். உப்புத் தண்ணீர் உள்ளே போகுமாம் என்று ஒரு கதை, மோட்டார் சூடாகுமாம் என்று ஒரு கதை, இப்படி இரண்டு மாதம் இழுத்தேன். ஆறு மணியானால் மழையோ வெயிலோ ஓடிவந்து கதிரையை ஜன்னலோரம் போட்டுக்கொண்டு உட்காருவேன். அவரோ அங்கே தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போய்வந்தார். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் இழுத்தேன், அவ்வளவு ஆசையாக இருந்தது.

பிறகு ஒருநாள் அவராகவே அவசரப்படுத்தினார். மெசினைக் கெதியாக எடு, இந்த வள்ளத்துக்குத் தன்பாட்டில் ஒழுங்காகப் போகத் தெரியாது என்றார். என்ன நடந்தது என்று கேட்டேன். ஏதோ சந்தைக்குப் போய்வந்த கதையைப் போலச் சொன்னார்.

“நேற்று அறக்குளா மீன் ஒண்டு பிடிச்சுது. எட்டி இழுக்கேக்க தண்ணிக்க போயிட்டன். சுக்கானில ஆளில்லாட்டி இது வட்டமெல்லோ அடிக்கும். சுத்திக்கொண்டு என்னட்டயே வந்திட்டுது, கயித்தைப் பிடிச்சு ஏறிட்டன். இதுவே மெசின் இருந்திருந்தா நூல் பிடிச்ச மாதிரி நேரா போயிருக்கும்.”

மெசினின் அருமையைச் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். எனக்கோ அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான் காதில் நின்றது. நேராகப் போயிருக்கும். அவரை நடுக்கடலில் விட்டுவிட்டு, சொன்ன திசை தவறாமல், எண்ணெய் தீரும் வரைக்கும் போயிருக்கும். மூன்றாம் நாளே நான் வாயைத் திறந்திருந்தால் அந்த மெசின்தான் அன்று வள்ளத்தில் இருந்திருக்கும். ஆள் விழுந்து பட்டன் தூரமானால் கத்தி எஞ்சினை நிறுத்துவதற்குத்தான் அந்தப் பட்டன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசித்துச் சொல் என்று நம்பிக் கொடுத்தவருக்கு, இங்கிலீஷ் தெரிந்த நான் வாசித்த லட்சணம் அது.

எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு உண்மையும் வந்துவிட்டது. நான் வேண்டுமென்றே இழுத்தேன் என்றேன். ஏன் என்று கேட்டார்.

“உங்ககூட பேசணும்னுதாங்க.”

அவர் மெல்லிய குரலில் கேட்டார். “என்னைப் பேசிறதுக்கோ? நான் என்ன பிழை விட்டனான்?”

அவர்கள் ஊரில் பேசுவது என்றால் ஏசுவது. எனக்கு அது தெரியும். அவருக்கும் என் பேச்சு பழக்கம்தான். ஆனால் பதறுகிற நேரத்தில் அவரவர் ஊர்ச் சொல்தானே முதலில் காதில் விழுகிறது. விழுந்து எழும்பி வந்த மனிதர், பெண்சாதி ஏசுவதற்காக இரண்டு மாதம் காத்திருந்தாள் என்று நினைத்துவிட்டார். அதுவரை ஒருநாளும் என் வாயில் வராத அவருடைய சொல்லை அன்று நான் சொன்னேன்.

“இல்லீங்க. கதைக்கணும்னு. சும்மா கதைக்கணும்னு.”

“அதுக்கு மெசின் எதுக்கு?” என்றார். “சும்மா போன் எடுத்துக் கதைச்சா நான் கேக்கமாட்டனோ?”

கட்டின புருஷனிடம் ஆசையாக நாலு வார்த்தை கதைக்க ஒரு மெசினைக் காரணம் காட்ட வேண்டியிருந்தது என்பதை யாரிடம் சொல்வது.

பட்டன் உள்ளதையே நாநாவிடம் சொல்லி எடுப்பித்தேன். கொண்டுபோக இவரே மன்னாரிலிருந்து வந்தார். பாட்டரி ஒன்றில் இணைத்து வீட்டு மேசையில் வைத்துப் பரீட்சை பார்த்தோம். பட்டனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடந்தார். வாசல் தாண்டிப் படியிறங்கிப் பாதை முடக்கில் மறைந்ததும் மேசையிலிருந்த மெசின் வீடே அதிரக் கத்தியது. வேலை செய்கிறது என்று அவர் கீழேயிருந்து சந்தோஷமாகக் குரல் கொடுத்தார். அந்த மெசினைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. பதின்மூன்று வருடத்துக்கு முன் அவர் அந்தப் படியிறங்கிப் போனபோது நானும் இப்படிக் கத்தியிருக்கலாம். மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வள்ளத்தில் மெசின் பூட்டிய நாலாம் நாள் என்று நினைக்கிறேன், காலை ஏழு மணியிருக்கும். கெலிஓயாவில் ஏறி, கண்டி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவருடைய நம்பர். அந்த நேரத்தில் அவர் கடலில் இருப்பார், ஒருநாளும் எனக்குப் போன் எடுத்ததில்லை. மன்னாரிலிருந்து வேறு யாரோ அவருடைய போனில் கூப்பிடுகிறார்கள், கெட்ட செய்திதான் என்று நினைத்தேன். எடுத்தேன். எஞ்சின் சத்தம் கேட்டது. பிறகு அவருடைய குரல்.

“ஒண்டுமில்லை. கை சும்மா இருக்கு, அதான் எடுத்தனான்.”

“கழுத்தில போட்டிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“ஓம், போட்டிருக்கிறன்.” அவருக்கு மேற்கொண்டு என்ன கதைப்பது என்று தெரியவில்லை போலிருந்தது. “பஸ்ஸில நிக்கிறாய் போல. அப்ப வைக்கட்டோ?”

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படியாக, “வைக்காதீங்க” என்றேன்.