பூஜையில் வைத்த பட்டியல்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். செஞ்சி கிளையில் அது எல்லாருக்கும் தெரியும்.

நான் ஒரு கண் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். செஞ்சி, மேல்மலையனூர், திண்டிவனம் என்று மூன்று ஊரில் எங்களுக்குக் கிளை. யார் எந்த ஊரில் உட்கார்ந்து பாஸ்வேர்டு போட்டாலும் அவருடைய திரையும் ஃபைல்களும் அப்படியே அங்கே வந்து நிற்கும். ஒரே ஃபைலை இரண்டு ஊரில் திறந்து வைத்துவிட்டால், கடைசியாக சேவ் செய்தது ஜெயிக்கும், மற்றது ஒதுங்கிவிடும். அந்த விதியை வைத்தவள் நான்தான்.

எங்கள் பதிவு மேசை அண்ணன் ஐம்பதைத் தாண்டியவர், பக்திமான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலையே செஞ்சி ஆபீஸில் படையல் போட்டோம். கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் சாமந்தி. கண் முகாமுக்கான வெற்றுப் பட்டியலைத் திரையில் திறந்து, அதையே புத்தகமாக பூஜையில் வைத்தார் அண்ணன்.

"லாக் ஆஃப் பண்ணுங்கண்ணே" என்றேன்.

"பூஜையில வெச்சத எப்டிம்மா மூட்றது? சாமி குத்தம்!"

சரி போகட்டும் என்று விட்டேன்.

மறுநாள் மேல்மலையனூரில் முகாம். அண்ணன் அங்கே உட்கார்ந்து அதே பட்டியலைத் திறந்து, கண்புரை ஆபரேஷனுக்குத் தேர்வான நாற்பத்தோரு பேரின் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாம் அடித்து முடித்தார். நாளைக் காலையில் போன் செய்து எங்கே பஸ் ஏறுவது என்று சொல்கிறேன் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்து வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

விஜயதசமி காலை செஞ்சிக்கு வந்தார். பூவை எடுத்தார். எதைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போடுபவர் ஆயிற்றே! திரையில் இருந்த வெற்றுப் பட்டியலின் தலையில் 'உ' என்று அடித்து, பக்தியோடு சேவ் செய்தார்.

அவ்வளவுதான். நாற்பத்தோரு பேரும் காணோம். திறந்து திறந்து பார்க்கிறார், ஒரு 'உ' மட்டும் உட்கார்ந்திருக்கிறது.

மணி ஒன்பது. ஆபரேஷன் நடக்கும் திண்டிவனத்துக்குப் பஸ் புறப்படுவது பதினொன்றுக்கு. காகிதத்தில் எழுதியது எதுவும் இல்லை, ஏனென்றால் இனிமேல் காகிதம் வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

"லாக் ஆஃப் பண்ணுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கினேனே! காதுல விழுந்துதா?" என்று நடுக்கூடத்தில் வைத்துக் கத்தினேன். நர்ஸ்கள் பார்த்தார்கள், காத்திருந்த நோயாளிகளும் பார்த்தார்கள்.

"என்னை என்ன வேணா சொல்லும்மா. அவங்களாம் காத்துக்கினு இருப்பாங்க. எப்டியாவது எடுத்துக் குடு" என்றார் அண்ணன். எனக்குச் சுருக்கென்றது.

தோற்றுப்போன பிரதியைச் சர்வர் உடனே அழித்துவிடாது, சில நாள் ஒரு மூலையில் போட்டு வைக்கும். அந்த மூலையைத் தேடிப்பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. பெயர் மாறி, தேதி ஒட்டி, ஒரு ஃபைல் கிடந்தது. திறந்தேன். நாற்பத்தோரு பேரும் வரிசையாக நின்றார்கள். "அடி சக்கை!" என்று நான் போட்ட சத்தத்தில் டாக்டரே வெளியே வந்துவிட்டார்.

பாதியை அண்ணனும் பாதியை நானுமாக போன் செய்தோம். அவர் கூப்பிட்ட முதல் ஆள் சீயமங்கலத்துப் பாட்டி ஒருத்தி. ஸ்பீக்கரில் அவள் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"விடியலே எழுந்து புதுப் பொடவ கட்டிக்கினு குந்தியிருக்கேன். போனே வரல. இந்தக் கெழவிக்குக் கண்ணு எதுக்குன்னு உட்டுட்டீங்கன்னு நெனச்சேன், சாமி."

"உடுவனாம்மா? கம்ப்யூட்டர்ல சின்ன தப்பு. எம்மேலதான். பத்தரைக்கு ரோட்டுக்கு வந்துடு" என்றார் அண்ணன்.

அவர் போனை வைக்கும்வரை பொறுத்தேன். பிறகு அதே நடுக்கூடத்தில், கத்திய அதே குரலில் சொன்னேன்: "எல்லாரும் கேட்டுக்கங்க. தப்பு அண்ணன் மேல இல்ல. ரெண்டு எடத்துல தொறந்தா எச்சரிக்கை வர்ற மாதிரி நான் வெச்சிருக்கணும். வெக்கல."

அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "செரி செரி, மன்னிப்பெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம். உன் பாதில இன்னும் பத்தொம்பது பேரு இருக்குது, போன எடு" என்றார்.