ஷாண்டன் கோபுரத்தில் அடித்த துக்க மணி

இது நடந்தது. சந்தேகம் இருந்தால் பாப்பாரப்பட்டிக்குப் போய் ராஜப்பனிடம் கேளுங்கள். அவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம்.

1985 நவம்பர். பால் பண்ணைப் பயிற்சிக்காக நானும் ராஜப்பனும் தருமபுரியிலிருந்து அயர்லாந்தின் கார்க் நகரத்துக்குப் போயிருந்தோம். கம்பைநல்லூர் பக்கத்தில் எங்கள் வீட்டில் மனைவி புஷ்பமேரிக்கு எட்டாவது மாதம். தலைப்பிரசவம். ஊர் திரும்ப இன்னும் மூன்று வாரம் இருந்தது. எனக்கு எந்நேரமும் அதே கவலைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றக் கிளம்பினோம். லீ ஆறு இரண்டாகப் பிரிந்து நகரத்தை நடுவில் வைத்து ஓடுகிறது. பழைய கல் பாலம், மூன்று கூம்பு வைத்த பெரிய கோயில் எல்லாம் பார்த்துவிட்டு ஷாண்டன் தேவாலயக் கோபுரத்தில் ஏறினோம். அங்கே வருகிறவர்களே மணி அடிக்கலாம். கயிறுகள் வரிசையாக இருந்தன. எங்களைத் தவிர யாரும் இல்லை. என் கைக்கடிகாரத்தில் மணி மூன்று. ஊரில் இரவு எட்டரை. புஷ்பம் சாப்பிட உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“உங்க கோயில்ல எப்பிடி அடிப்பீங்க? அடிச்சுக் காட்டுங்க,” என்றார் ராஜப்பன்.

ஊர்க் கோயிலில் மணி அடித்தவர் என் அப்பா. அவரிடம் நான் கற்றது துக்க மணி மட்டும்தான். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றாக அடிக்க வேண்டும். அது கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வருவார்கள். யார் என்று கேட்பார்கள். சொன்னதும் நேராக அந்த வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள்.

இங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்று அடித்தேன்.

டாண்...

டாண்...

கயிற்றை விட்டேன்.

டாண்...

கயிறு தானாக ஏறி இறங்கியது.

படிக்கட்டில் காலடிச் சத்தம். செருப்பில்லாத கால்...

“யாருங்க தவறிட்டாங்க?”

பெண் குரல். எங்கள் ஊர்ப் பேச்சு.

ராஜப்பன் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் குரலை மாற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து, திரும்பாமலே விளையாட்டாகச் சொல்லிவிட்டார்.

“நம்ம அருள்சாமி வூட்டுலதாங்க.”

அருள்சாமி நான்தான்.

காலடிகள் அவசரமாகக் கீழே இறங்கின...

ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை. வாசலில் நின்ற காவலாளி, யாரும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை என்றார்.

மறுநாள் தந்தி வந்தது. புஷ்பமும் வயிற்றுப் பிள்ளையும் விடிவதற்குள் போய்விட்டார்கள். நான் ஊர் வந்து சேர்ந்தபோது கல்லறை மண் காய்ந்திருந்தது. என்னால் அழக்கூட முடியவில்லை.

பக்கத்து வீட்டு ராமக்காள்தான் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம எட்டரை இருக்குமுங்க. புஷ்பம் நல்லாத்தான் இருந்துச்சு. யாரோ ஒரு பொம்பள வந்து வாசல்ல உக்காந்து, தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு மாரடிச்சு அழுவுது. ‘இங்க யாரும் தவறலைங்களே’ன்னு புஷ்பம் சொல்லுச்சு.”

“அதுக்கு?”

“‘பரவால்ல தாயி... நான் உக்காந்திருக்கறேன்’னுச்சுங்க.”