சத்தமாகப் படிக்காத பத்தி

என் மனைவி முப்பது வருடமாகப் புத்தகங்களைச் சத்தமாகப் படிப்பவள். கேட்பவன் நான் ஒருவன்தான். அச்சகத்திலிருந்து வரும் தாள்களில் நான் பிழை திருத்துவேன். அவள் எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியை வாசிப்பாள், கமா, முற்றுப்புள்ளி உட்பட. காதல் கதையானாலும் கொலைக் கதையானாலும் மளிகைப் பட்டியல் படிக்கிற அதே குரல்தான். ஆனால் ஒரு எழுத்தைக்கூட விட்டதில்லை.

இந்த முறை வந்தது விஞ்ஞான நாவல். தனக்கென்று ஒரு சூரியன் இல்லாத கோள் ஒன்று எங்கிருந்தோ பூமியை முட்ட வருகிறது. அறுநூறு பக்கம். கோள் வருகிறது, வருகிறது, வந்தபாடில்லை. எனக்குக் கழுத்து வலி. அவளுக்குப் பக்கத்துக்குப் பக்கம் மூச்சு வாங்கியது. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் காகிதத்தில் அவள் கையெழுத்து வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"புத்தகம் முடியட்டும், பார்க்கலாம்" என்று பிடிகொடுக்காமல் இருந்தாள். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதைச் சொல்லத் தெரியாமல், கமாவை ஒழுங்காகச் சொல் என்று எரிந்து விழுந்தேன்.

வியாழக்கிழமை மதியம் கடைசி அத்தியாயத்துக்கு வந்தோம். பூமியை விட்டுக் கடைசிக் கப்பல் கிளம்புகிறது. அவள் படித்துக்கொண்டே போனாள். என் தாளில் மட்டும் ஒரு பத்தி மிச்சம் இருந்தது.

"ஒரு பத்திய விட்டுட்டே."

"தெரியும்."

நானே படித்துப் பார்த்தேன். கதாநாயகனின் வயதான மனைவி கப்பலில் ஏற மறுக்கிறாள். களைப்பாக இருக்கிறது, நீங்கள் போங்கள் என்கிறாள்.

"அத வாய்விட்டுப் படிச்சா, நானும் அதையே சொல்லிடுவேனோன்னு பயமா இருந்துச்சு" என்றாள்.

எழுதியவர் எழுதியதில் கைவைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பத்தியைக் குறுக்கே அடித்தேன்.

"என்ன பண்றீங்க? பாவம், அந்த ஆளு மண்டைய உடைச்சுக்கிட்டு எழுதினது. இருக்கட்டும் விடுங்க. அவ போகலைன்னா அது அவ இஷ்டம். எனக்கு அந்த ஆஸ்பத்திரி காகிதத்தக் கொடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட நீலப் பேனா தேடினேன். வீட்டில் இருந்ததெல்லாம் சிவப்பு.