சுறா எண்ணெய் பூசிய கோல்ஃப் மட்டைகள்

சுப்புராஜின் கோல்ஃப் மட்டைகளை விட்டுவிட்டுச் சவரிநாதன் அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது. சொன்னால் வயிறு எரிகிறது, சொல்லாவிட்டாலும் எரிகிறது. அதற்குச் சொல்லியே தொலைக்கலாம்.

திருவொற்றியூரில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு மெஷின் கம்பெனி. தேவகிருபையாகிய நான் அங்கே டைப்பிஸ்ட், நாசரேத் பக்கத்திலிருந்து வந்தவள். சவரிநாதன் பேக்கிங் கொட்டகையில் இருந்தார். ராயபுரத்துக்காரர். அப்பா கட்டுமரத்தில் போனவர். இவர் மட்டும் சுத்தியல் பிடித்தார். கப்பலில் போகிற சாமான்களுக்கு அளவெடுத்து மரப்பெட்டி அடித்து, உள்ளே ஆடாமல் அசையாமல் கட்டி அனுப்புவது அவர் வேலை. வேலை அவ்வளவு சுத்தம். வாய்தான் சும்மா இருக்காது. மேஸ்திரி அளவைத் தப்பாகச் சொன்னால், எல்லார் முன்னாலும் அவரையே போய் டீ குடித்துவிட்டு வரச் சொல்லுவார். இப்படிப்பட்ட ஆளை எந்தக் கம்பெனி பர்மனென்ட் ஆக்கும்? பதினோரு வருஷம் டெம்பரவரி. வருஷத்துக்கு ஒருமுறை பத்து நாள் வேலை இல்லை என்று வீட்டுக்கு அனுப்பி, பிறகு புது ஆள் மாதிரி பெயர் எழுதுவார்கள். சர்வீஸ் தொடரக் கூடாதாம். என்ன ஒரு கெட்டிக்காரத்தனம்! அந்தக் கடிதத்தையும் நான்தான் அடிப்பேன்.

சுப்புராஜ் எங்கள் மேனேஜர். எண்ணூரில் கடலோரமாகக் கம்பெனி பங்களா. ஊருக்குப் போன வெள்ளைக்கார மேனேஜர் தன் கோல்ஃப் மட்டைகளை இவரிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார். பழைய காலத்து இரும்புத் தலைகள், பதினான்கு மட்டைகள், ஒரு பெரிய தோல் பை. எண்ணூரில் கோல்ஃப் ஏது? மே மாதம் ஊட்டிக்குக் குடும்பத்தோடு காரில் போவார், அங்கே கிளப்பில் ஆடுவார். காரில் குழந்தைகளுக்கும் பெட்டிகளுக்கும் இடம் உண்டு, மட்டைகளுக்குக் கிடையாது. அவை ரயிலில் போகும். கட்டி அனுப்புவது சவரிநாதன் தலையில் விடிந்தது.

எண்ணூர்க் காற்றைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். ஜன்னல் கம்பியைக்கூடத் தின்றுவிடும். அறுபத்தேழாம் வருஷம் மரத்தூள் போட்டுக் கட்டி அனுப்பியதில் மட்டைத் தலையெல்லாம் துரு. தூளில் ஈரம் இருந்திருக்கிறது. சுப்புராஜ் ஊட்டியிலிருந்து டிரங்க் கால் போட்டுத் திட்டினார். அடுத்த வருஷம் ஏப்ரலில் சவரிநாதனைக் கூப்பிட்டு, இந்தத் தடவை நீயே கையோடு கொண்டுவந்து கிளப்பில் கொடுக்க வேண்டும் என்றார். ஒரு பொட்டுத் துரு இல்லாமல் வந்தால் ஜூன் மாதம் பர்மனென்ட். துரு இருந்தால் கொட்டகைப் பக்கமே வராதே.

அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள். பதினோரு வருஷமாக அவர் மனைவி ஹில்டா அக்கா ராயபுரம் கோயிலில் மெழுகுவத்தி ஏற்றியதெல்லாம் இந்த ஒரு ஆர்டருக்காகத்தான்.

சவரிநாதன் யோசித்தார். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கிற நங்கூரம் எப்படித் துருப்பிடிக்காமல் இருக்கிறது? சுறா ஈரலைக் காய்ச்சி எடுத்த எண்ணெய். அவர்கள் தெருவில் படகுக்கும் அதுதான், இரும்புக்கும் அதுதான். காசிமேட்டிலிருந்து ஒரு புட்டி நிறைய வாங்கி வந்து, பதினான்கு மட்டைக்கும் தலை முதல் கால் வரை பூசினார். தோல் பையும் பாவம் காய்ந்து கிடக்கிறதே என்று அதற்கும் இரண்டு கை பூசினார். பழைய துணியில் சுற்றிப் பெட்டியில் அடித்தார். கூட வேலை பார்த்த தாவூது பாய் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டுச் சீர் மாதிரி கீது என்றார். வாடை என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நானே மூன்று தடவை அந்தக் கொட்டகைக்குப் போய்வந்தேன். எனக்கும் தெரியவில்லை. கருவாடு காய்கிற கடலோரத்தில் இருக்கிறவர்கள் மூக்குக்கு அதெல்லாம் காற்றோடு காற்று.

மேட்டுப்பாளையம் போய் மலை ரயிலில் ஏறும்போதுதான் சங்கதி புரிந்ததாம். ரயில் கார்டு வந்து பெட்டியை மோந்து பார்த்துவிட்டு, உள்ளே பிணம் எதுவும் இருக்கிறதா என்று கேட்டார். ரயிலின் கடைசி வண்டியில் இவர் ஒருவரும் பெட்டியும்தான், மற்றவர்கள் எழுந்து போய்விட்டார்கள். ஊட்டியில் இறங்கிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கிளப்புக்கு நடந்தால், பின்னால் நான்கு நாய்கள். குளிரில் பல் கிடுகிடுக்க, நாயை விரட்டிக்கொண்டே போனதை அவர் சொல்லிச் சிரித்தபோது நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அதற்கப்புறம் நடந்தது சிரிப்பு இல்லை.

கிளப் புல்வெளியில் சுப்புராஜின் விருந்தாளிகள் ஏழெட்டுப் பேர். பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் பின்னால் நகர்ந்தார்கள். அதில் ஒருவர், சுப்புராஜ் இன்றைக்கு மீன் பிடிக்கக் கிளம்பிவிட்டார் என்று சொல்ல, ஒரே சிரிப்பு. மட்டை ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி மின்னியது. அதை யார் பார்த்தார்கள்? சுப்புராஜ் முகம் கறுத்துவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு, உன்னை கேட்டுக்கு உள்ளே விட்டவனைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றார். ஒரு டீகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டார்கள்.

ஜூன் முதல் வாரம் சுப்புராஜ் என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு கடிதம் சொன்னார், இங்கிலீஷில். சவரிநாதன் எழுதுவதுபோல மன்னிப்புக் கடிதம். சொன்னதை அடித்தேன். என் பிழைப்பு அது. அடித்த விரல் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை என்பதை இன்றைக்கும் நான் மறைக்கவில்லை. எங்கள் ஊரிலும் கடற்கரைச் சனத்தைப் பற்றி அப்படித்தான் பேசுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அது உறைக்கவே இல்லை.

கையெழுத்துப் போடப் பேனாவோடு வந்த சவரிநாதன், முதலில் தமிழில் படித்துச் சொல்லச் சொன்னார். படித்துக்கொண்டே வந்தேன். ஒரு வரியில் என் குரல் தானாக இறங்கியது. திரும்பப் படிக்கச் சொன்னார். "நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த என் சாதி சனத்தின் அசுத்தமான பழக்கத்தால் இந்தத் தவறு நேர்ந்தது." தமிழில் சொல்லும்போதுதான் நான் என்ன அடித்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிவிட்டு, நீயும் வா தங்கச்சி என்று என்னையும் இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் போனார்.

கடிதத்தை மேசையில் வைத்தார். "மட்டையில துரு இருந்துச்சா சார்?"

சுப்புராஜ் அதுவல்ல இப்போது பேச்சு என்றார். இவர் விடவில்லை. இருந்ததா இல்லையா என்று மறுபடி கேட்டார். கடைசியில் சுப்புராஜ், துரு இல்லை என்று சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

"தொடச்சிக் குட்த்துருக்கணும், தொடைக்கல. அது என் தப்பு. அதுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன் சார், அத்த எழுதிக் குடு, இப்பவே போடறேன். ஆனா எண்ணெ பூசினது என் கை. எங்க ஜனம் இன்னா சார் பண்ணிச்சி? எங்க தெருவு மொத்தத்துக்கும் சேத்து நான் கையெழுத்து போட முடியாது."

சுப்புராஜ் மேசை இழுப்பறையிலிருந்து பர்மனென்ட் ஆர்டரை எடுத்து வெளியே வைத்தார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இதில் போட்டால் அது உனக்கு, போடாவிட்டால் இன்றோடு வேலையும் கிடையாது என்றார். சவரிநாதன் பர்மனென்ட் ஆர்டரைத்தான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதில் அவர் பெயரை முதல் தடவையாக முழுதாக அடித்திருந்தேன். பிறகு, சரி சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கொட்டகையில் சுத்தியலை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்து ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். ஹில்டா அக்கா அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்துப் போனால், மீன் கழுவிக்கொண்டிருந்தார். "அந்த லெட்டர நீதான் அட்ச்சியாமே" என்றார். ஆமாம் என்றேன். அவர் மீனைக் கழுவி முடித்தார். "கையெழுத்து மட்டும் போட்டுகினு வந்திருந்தாருன்னா, வூட்டுக்குள்ள வுட்டிருக்க மாட்டேன்." அப்புறம் சாப்பிட்டுவிட்டுப் போ என்று தட்டு வைத்தார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

அடுத்த மே வந்தது. சுப்புராஜ் மட்டைகளைத் தாவூது பாயிடம் கட்டச் சொன்னார். என்ன எண்ணெய் பூசுவது என்று கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுங்கள் என்று பாய் பணிவாகக் கேட்டார். கொட்டகையில் மற்றவர்களும் அதையே கேட்டார்கள். இரண்டு வாரம் மட்டைகள் மூலையில் கிடந்து பழுப்பேறின. ஒருநாள் சுப்புராஜ் என்னிடம் ஒரு உறையைக் கொடுத்தார். உள்ளே சவரிநாதன் பெயருக்குப் பர்மனென்ட் ஆர்டர். மன்னிப்புக் கடிதம் வேண்டாமாம், ஆள் வந்தால் போதுமாம்.

காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் பெட்டி அடித்துக்கொண்டிருந்தார் சவரிநாதன். ஆர்டரைப் படித்துக் காட்டினேன். வாயில் இருந்த ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டு, அந்தப் பழைய லெட்டர் எங்கே என்று கேட்டார். ஃபைலில் இருக்கிறது என்றேன்.

"அப்ப அந்த வரி இன்னும் அங்க கீது. அத்த எழுதினது தப்புன்னு அவரு ஒரு லெட்டர் போட்டுக் கையெழுத்து போடட்டும். மறுநாளே வரேன்."

மறுபடி ஆணியை வாயில் வைத்துக்கொண்டார். நான் கம்பெனிக்குத் திரும்பி, தமிழ் டைப்ரைட்டரில் காகிதத்தைச் சொருகி, மூன்று வரியில் அந்தக் கடிதத்தைத் தமிழிலேயே அடித்தேன். கீழே சுப்புராஜ் பெயரை அடித்து, கையெழுத்துக்கு இடம் விட்டு அவர் மேசையில் வைத்தேன். படித்துவிட்டு, இதை யார் சொல்லி அடித்தாய் என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, நானே அடித்தேன் என்றேன். எடுத்துக்கொண்டு போ என்றார். அவர் கையெழுத்துப் போடவில்லை. நானும் அந்தக் காகிதத்தை எடுக்கவில்லை.