நாலாம் நம்பர் சிஸ்டமும் ஆயுத பூஜைப் பொட்டும்

கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்ப்பவளுக்கு டைப்பிங் கொஞ்சம் மெதுவாக வந்தாலும் பரவாயில்லை, சந்தேகம் மட்டும் சட்டென்று வரவேண்டும். சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் நான்கு சிஸ்டமும் ஒரு ஜெராக்ஸ் மெஷினும் உள்ள கடை எங்களுடையது. எங்களுடையது என்றால் பாபு அண்ணனுடையது. நான் வேலை பார்க்கிறேன். திரையில் சுற்றும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டவர் நீங்களும் என்றால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க.

நின்றுபோன பஸ்

நாலாம் நம்பர் சிஸ்டம் கொஞ்ச நாளாகவே மந்தம். ஒரு திங்கட்கிழமை காலை, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இங்கே ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பெண் ஒருத்தி பயோடேட்டா அனுப்ப அதில் உட்கார்ந்தாள். பதினோரு மணிக்கு ஒரகடத்தில் இன்டர்வியூ. ஃபைலைத் தொட்டாள், வட்டம் சுற்றியது. நான் வந்து மவுஸை ஆட்டினேன். வட்டம் இன்னும் உற்சாகமாகச் சுற்றியது. கடைசியில் என் போனிலிருந்து அனுப்பி வைத்தேன். போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "யக்கா, எங்கூரு டவுன் பஸ்ஸே தேவலக்கா. அது நின்னுச்சுன்னா ஏன் நிக்குன்னு கண்டக்டராவது சொல்லுவாரு."

குற்றவாளி, வயது ஐந்து

ஏன் நிற்கிறது என்று பாபு அண்ணன் உடனே கண்டுபிடித்துவிட்டார். என் மகள் யாழினி யூகேஜி படிக்கிறாள். நாலு மணிக்கு ஸ்கூல் வேன் அவளைக் கடை வாசலில் இறக்கிவிடும்; நான் கிளம்பும் வரை நாலாம் நம்பரில் யானைப் பாட்டு பார்ப்பாள். அவள் அப்பாவுக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட், வாரத்துக்கு வாரம் நேரம் மாறும். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் கிடையாது. அவள் வரக்கூடாது என்றால் நானும் வரமுடியாது.

"ஆயுத பூஜ அன்னிக்கு இதுக்குப் பொட்டு வச்சு, ஒரு விரல்கூடப் படாம கும்புட்டேன். அப்போ நல்லாத்தான் இருந்துது" என்றார் அண்ணன். மானிட்டர் மூலையில் அந்தக் குங்குமம் இன்னும் இருந்தது, சாட்சி மாதிரி. "அதுக்கப்புறம் இன்னா ஆச்சு? பாப்பா கண்ட கண்ட பாட்ட அமுக்கிகினு கீது, வைரஸு பூந்துகிச்சு." யானைப் பாட்டில் வைரஸ் வராது என்றேன். காதில் விழவில்லை. தீர்ப்பு வந்தது: "சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா அடுத்த திங்கக்கிழமலேர்ந்து பாப்பா இங்க வர வேணாம்மா."

ஊருக்கு ஒரு பென்டிரைவ்

அன்றிலிருந்து கடைக்குள் நுழைந்த ஒருவரையும் நான் நல்ல கண்ணால் பார்க்கவில்லை. முதலில் மாட்டியவர் ஒரு லேபர் கான்ட்ராக்டரிடம் இருக்கும் சூப்பர்வைசர். வருகைப் பட்டியலைப் பென்டிரைவில் கொண்டுவந்து தினமும் நாலாம் நம்பரில்தான் குத்துவார். திறந்து பார்த்தேன். உள்ளே ஃபோல்டர்களே இல்லை, ஒரே ஒரு ஷார்ட்கட். அதைத் தொட்டால் வைரஸ் எழுந்துகொள்ளும். மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டச் சொன்னதும் பட்டியல் எல்லாம் வெளியே வந்தது. பிடித்துவிட்டேன் என்று ஒரே சந்தோஷம். பென்டிரைவைத் துடைத்தேன், சிஸ்டத்தையும் ஸ்கேன் செய்தேன், ரீஸ்டார்ட் கொடுத்தேன்.

வட்டம் பழையபடி சுற்றியது. இதுவும் திருடன்தான், ஆனால் நான் தேடுகிற திருடன் இல்லை. "யார் யாருக்கு சார் இதைக் குடுத்தீங்க?" என்று கேட்டதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது: "இன்னாம்மா, இது பல்லு வெளக்குற பிரஷ்ஷா, ஒருத்தனே வச்சுக்கிறதுக்கு? எங்க லைன்ல வேல பாக்குற அத்தினி பேரும்தான் வாங்கிக் குத்துறான்."

கப்சிப்

வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. எந்த புரோகிராம் எவ்வளவு மெமரி தின்கிறது என்று டாஸ்க் மேனேஜர் காட்டும் இல்லையா, அதைத் திறந்தேன். திறந்த அந்தக் கணம் மெமரி 94 சதவீதம். கண்ணைக் கசக்கிப் பார்ப்பதற்குள் 50. பட்டியலில் எல்லாம் சாதுவான பெயர்கள். மூடினால் மறுபடியும் வட்டம். இருபது தடவை திறந்து மூடியதில் எனக்கு என் கண் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் யாழினி சிபியுவில் காதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே ஃபேன் இரைவதைக் கேட்பது அவளுக்கு ஒரு விளையாட்டு. அங்கிருந்தே சொன்னாள்: "அம்மா, நீ அதத் தொறந்தா இது கப்சிப்னு ஆயிடுது. மூடுனா திரும்பக் கத்துது."

பின்பக்கமாக

டாஸ்க் மேனேஜரைக் கண்டால் ஒளிந்துகொள்கிற எதுவோ உள்ளே இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இதற்குமேல் சொல்லவேண்டாம். சர்க்கரை டப்பாவோடு சமையலறையில் இருப்பவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனால் பிடிக்க முடியாது. கொலுசுச் சத்தம் கேட்காமல் பின்பக்கமாகப் போகவேண்டும். டாஸ்க் மேனேஜரை விட்டுவிட்டு, அதே வேலையைச் செய்யும் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்தேன். ஃபேன் இரைச்சல் நிற்கவில்லை. அகப்பட்டுக்கொண்டது! மெமரியில் கிட்டத்தட்ட பாதியை ஒரே ஒரு பெயர் தின்றுகொண்டிருந்தது. பார்க்க விண்டோஸின் சொந்த ஃபைலான svchost மாதிரியே இருந்தது. நடுவில் c மட்டும் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஸ்பெல்லிங் ஒரு எழுத்து தப்பினால் நூறு தடவை எழுதவேண்டும். அந்தக் கண் இன்னும் என்னிடம் இருக்கிறது.

தேடிப் போனால், தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் ஃபோல்டருக்குள் ஒளிந்திருந்தது. காசு கொடுக்காமல், பூட்டை உடைத்துப் போட்ட சாஃப்ட்வேர். ஸ்கேனில் ஏன் அகப்படவில்லை என்று பார்த்தேன்: அந்த ஃபோல்டர் பக்கமே போகாதே என்று ஆன்டிவைரஸுக்கு யாரோ உத்தரவு போட்டிருந்தார்கள். ஃபோல்டர் உருவான நாளைப் பார்த்தேன்: ஆயுத பூஜை, காலை பதினொன்றே முக்கால். அன்று நானும் யாழினியும் மறைமலை நகரில் மாமியார் வீட்டில் வடை தின்றுகொண்டிருந்தோம்.

சனிக்கிழமை காலை, அதை வேரோடு பிடுங்குவதற்கு முன்னால், மானிட்டரை அண்ணன் பக்கம் திருப்பினேன். "ஒரு விரல்கூடப் படலன்னீங்களே அண்ணே?" தேதியைப் பார்த்தார். குங்குமத்தைப் பார்த்தார். "திங்கக்கிழம பாப்பா வரட்டும்" என்று முணுமுணுத்தார். நான் விடவில்லை, ஆன்டிவைரஸுக்கு உத்தரவு போட்டது யார் என்றேன். தலையைச் சொறிந்தார்: "நல்ல நாளாச்சேன்னு புது சாஃப்ட்வேர் போட்டேம்மா. ஆயுத பூஜையாச்சேன்னு அந்த ஃபோல்டர்ல மட்டும் ஆன்டிவைரஸுக்கும் லீவு குடுத்தேன், திரும்ப வேலைக்குக் கூப்புட மறந்துட்டேன்."

இப்போது நாலாம் நம்பர் சிட்டாகப் பறக்கிறது. யாழினியோ பாபு அண்ணனோ ரொம்ப நேரம் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தால் மட்டும், நான் கொலுசுச் சத்தம் கேட்காமல் பின்பக்கமாகப் போய் எட்டிப் பார்க்கிறேன்.