அம்மாவுக்கு மட்டும் சொல்லாத எண்

போன ஆண்டு சாரல் தொடங்கிய சமயம். குற்றாலத்துக்குப் பக்கத்தில் மேலகரத்தில் எங்கள் வீடு. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று உறுதியாகி, திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் கீமோ ஆரம்பித்திருந்தார்கள். நான் சென்னையிலிருந்து விடுப்பில் வந்திருந்தேன். மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. எதையும் ஒன்று, இரண்டு என்று வரிசையாகக் கேட்டே பழகியவள்.

அம்மாவின் ரிப்போர்ட்டை வாங்கியது அவளுடைய அண்ணன், என் மாமா. நோய் எந்த ஸ்டேஜ் என்று தங்கச்சியிடம் சொல்ல வேண்டாம் என டாக்டரைக் கேட்டுக்கொண்டார். பிறகு, அவளைத் தவிர எல்லோரிடமும் சொன்னார்.

குற்றாலத்தில் தண்ணீர் விழுந்ததும் உறவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். அருவியில் குளித்துவிட்டு, ஈரத்தலையும் எண்ணெய் வாசனையுமாக, ஆப்பிள் பையோடு அம்மாவைப் 'பார்த்துவிட்டு'ப் போனார்கள். அருவியும் அம்மாவும் சீசன் முடிவதற்குள் பார்த்துவிட வேண்டியவை போல.

ஒருநாள் மாமாவோடு வந்த அவர் மனைவி, என் அத்தை, வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னாள்: "மூணாவது ஸ்டேஜாம்லா. எதுக்கு அவளப் போட்டு வதைக்கணும்? இருக்க வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்." மாமாவும் தலையாட்டினார். அம்மா தூங்குகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். அவள் அறையின் ஜன்னல் திறந்திருந்தது.

மறுநாள் கீமோவுக்குப் போக வேண்டும். அம்மா எழுந்திருக்கவே இல்லை.

"வேண்டாம்ட்டி. முடியும் போச்சு, நாக்குல ருசியும் போச்சு. போற உசுருக்கு இது எதுக்கு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமாவையும் சேர்த்தே காரில் ஏற்றினேன். இது இவளுடைய உடம்பு, இவளிடமே சொல்லுங்கள் என்று டாக்டரிடம் கேட்டேன். மாமா முறைத்தார்.

டாக்டர் அம்மாவைப் பார்த்துப் பேசினார். கட்டி எவ்வளவு பெரியது, அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போயிருக்கிறதா, எலும்பு, கல்லீரல், நுரையீரல் என்று தொலைவில் பரவியிருக்கிறதா, இவற்றை வைத்துத்தான் ஸ்டேஜ் சொல்கிறார்கள். அம்மாவுக்குக் கணுக்கள் வரை போயிருந்தது. அதைத் தாண்டியதாக ஸ்கேனில் எதுவும் இல்லை. கட்டி ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படும் வகை என்பதும் கணக்கில் சேரும், அது நல்ல செய்தி என்றார். ஒரே நிலையில் இருந்த ஏராளமான பேர் எப்படித் தேறினார்கள் என்று பார்த்துச் சொல்லும் கணிப்புதான் ஸ்டேஜ். எந்தச் சிகிச்சை, எந்த வரிசையில் என்று முடிவெடுக்கவும் உதவும். ஒருத்தி எத்தனை நாள் இருப்பாள் என்று அது சொல்லாது.

அம்மா ஒன்றுதான் கேட்டாள். "அப்போ எனக்கு மருந்து கேக்குமா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. ஆனா குணப்படுத்தணும்னுதான் இந்த மருந்தே குடுக்கோம். நடுவுல விட்டுராதீங்க."

அன்றே கீமோ ஏற்றிக்கொண்டாள். திரும்பும் வழியில் மாமா, எல்லாம் உன் நல்லதுக்குத்தான் மறைத்தேன் என்றார். அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ஊருக்கே தெரிஞ்சது எனக்கு மட்டும் தெரியக்கூடாது. இதுல என்ன நல்லது அண்ணே?"

பிறகு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் முடிந்தன. இப்போது மாத்திரையும் பரிசோதனையுமாக இருக்கிறாள். நாளை என்ன ஆகும் என்று எனக்கும் தெரியாது. இந்தச் சீசனுக்கும் ஈரத்தலையோடு ஆட்கள் வந்தார்கள். இப்ப எப்படி இருக்கு என்று என்னிடம் மெதுவாக விசாரித்த அத்தையை அம்மா கூப்பிட்டாள். "மைனி, அவகிட்ட ஏன் கேக்கியோ? நான் இங்கனதான இருக்கேன்."

அம்மாவைப் பிழைக்க வைக்கப் பயன்பட வேண்டிய 'மூன்று' என்ற எண்ணை, அவளுக்குத் தெரியாமலே அவள் கதையை முடிக்க எடுத்துக்கொண்டார்களே, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.