காலையில் மட்டும் கிடைக்கும் மாத்திரை

மாமா இறந்தபின் அக்கா குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சமையல் வேலைக்குச் சேர்ந்தாள். அப்போது அது நாலு அறைகள் கொண்ட ஓட்டு வீடு. இப்போது மூன்று மாடி, லிஃப்ட் வேறு. சாரல் தொடங்கிவிட்டால் அக்காவுக்கு லீவே கிடையாது.

அவளுக்குச் சர்க்கரை நோய். ஊர் சுகாதார நிலையத்தில்தான் மாத்திரை வாங்குவாள். அங்கே இருந்த ஒரே டாக்டருக்கு இன்னொரு ஊரும் பொறுப்பு. காலையில் மட்டும் வருவார். அந்த நேரத்தில் அக்கா லாட்ஜில் இட்லி அவித்துக்கொண்டிருப்பாள். வேலை முடிந்து மதியம் போனால் கதவு பூட்டியிருக்கும். இன்னொரு டாக்டர் கேட்டு ஊர்க்காரர்கள் மனு கொடுத்தார்கள். நிதி ஒதுக்கவில்லை என்று பதில் வந்தது. போன சீசனில் அக்கா மாத்திரையையே விட்டுவிட்டாள்.

நான் ஆலங்குளத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குள் நுழைந்ததுமே வாடை அடித்தது. வலது காலில் துணி சுற்றியிருந்தாள். அவிழ்த்துப் பார்த்தேன். இரண்டு விரல்கள் கறுத்துக் கிடந்தன.

"என்னக்கா இது?"

"ஈரத்துலயே நிக்கோம்லா, சேத்துப்புண்ணு. வலிக்கவே இல்லலே."

கார் பிடித்துத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனேன். அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தாள். "ரோடு என்னமா போட்டிருக்கான்!" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் புண்ணைப் பார்த்தார். "மாத்திரைய ஏம்மா நிறுத்துனீங்க?"

"போனா பூட்டிக் கிடக்கு சார். எத்தன தடவ போறது?"

வார்டில் சுற்றிலும் பார்த்தேன். கட்டுப் போட்ட கால்கள் வரிசையாக நீட்டிக் கிடந்தன.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். நினைவு வந்ததும் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"வெட்டுன கால எங்கனலே போடுவாங்க?"

எனக்குத் தெரியாது. எரித்துவிடுவார்கள் என்றேன்.

"எனக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டு" என்று சொல்லிச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

லாட்ஜ் முதலாளி பழம் கொண்டுவந்து பார்த்தார். நல்ல மனிதர்தான். ஆனால் வேறு சமையல்காரியைப் போட்டுவிட்டார். அக்காவுக்கு இப்போது காலையில் வேலையில்லை. ஆட்டோவில் போய் மாத்திரையைத் தவறாமல் வாங்கி வருகிறாள்.

ஞாயிறுதோறும் நான் போய் அவளது இடது காலை மடியில் வைத்து, விரலிடுக்குகளை விரித்துப் பார்க்கிறேன். உள்ளங்காலை நகத்தால் கீறுவேன்.

"தெரியுதாக்கா?"

"தொட்டுட்டியாலே?" என்கிறாள்.